மூடிக்குள் எழுதிய பழம்

மாதத்தின் முதல் ஞாயிறு. நாலு மணிக்கு வைத்தியலிங்கம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஏழு வருடமாக அப்படித்தான். இந்த முறை அவர் இல்லை.

சட்டைப் பையில் ஒரு சிகார் இருந்தது. அவர் இறப்பதற்கு ஒரு வாரம் முன் வாங்கியது. இங்கே சிகார் காய்ந்து கெடுவதில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடித்துத்தான் கெடும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு வைத்திருந்தேன். தினமும் காலையில் வேலைக்குப் போகும்முன் திறந்து பார்த்தேன்.

எங்கள் வழக்கம் எளிது. சிகார் என்னுடையது, விஸ்கி அவருடையது. என்ன கொண்டுவருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. போத்தலுக்கு அவர் செய்தித்தாள் சுற்றியிருப்பார். ஒரு வாய் குடிக்க வேண்டும். விழுங்கிக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிறகு புகையை வாய்க்குள் மட்டும் இழுத்து விட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் யாரும் பேச மாட்டோம். சேராவிட்டால் அவர், "சண்டை பிடிக்குது" என்பார்.

அவருக்குப் பழ வாசனை உள்ள விஸ்கிதான் பிடிக்கும். கடையில் ருசி பார்க்கக் கொடுப்பதைக் குடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். தமக்கு என்ன பழம் தெரிந்தது என்பதைப் பெட்டி மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதிவிடுவார். அதை நான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஞாயிறுக்கு ஒரு பழம்தான் சொல்லலாம். தவறு என்றால் மூடி திறக்காது. அடுத்த மாதம் அதே போத்தல், இன்னொரு சிகார்.

பெட்டிக்கு வெளியே அச்சடித்திருப்பதை அவர் மதித்ததில்லை. "பேரிக்காய் எண்டு போட்டிருப்பான். நாங்கள் பேரிக்காய் திண்டோ வளந்தனாங்கள்?" அவருடைய விடைகள் லொங்கான், டுக்கு, ஜம்பு என்று இந்த ஊர்ப் பழங்களாக இருக்கும். ஒருமுறை அன்னாசித் தோல். பழம் இல்லை, தோல். அதற்கு எனக்கு நாலு மாதம் ஆனது.

கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தார்.

"காளி, இந்த முறை நீர் தோப்பீர்."

"பாப்போம்ணே."

"பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. எழுதி வச்சிட்டன்."

வியாழக்கிழமை குளியலறையில் விழுந்தார். அறுபத்தெட்டு வயது.

அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். மனைவி பிரிந்துபோய் ஒன்பது வருடம். மகள் அவளோடு இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் என்னோடு பேசுகிறவர்கள் வேலை பற்றிப் பேசுவார்கள். ஏழாவது நாள் யாரும் பேசுவதில்லை, மாதத்தில் ஒரு ஞாயிறு தவிர.

எனக்கு அந்தப் போத்தலில் இருந்து ஒரு வாய் வேண்டும். ஒரு பழத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஏன் வெளியில நிக்கிறியள்? வாங்கோ தம்பி."

அவர் மனைவி தவமணிதேவி அக்கா கேட்டைத் திறந்தார். கார் நிறுத்தும் இடத்தில் எங்கள் இரண்டு பிரம்பு நாற்காலிகளும் இருந்தன. அவற்றுக்கு நடுவே துணி காயப்போடும் கம்பி. அதில் வீட்டின் திரைச்சீலைகள்.

"மூண்டாம் தரம் தோய்ச்சிருக்கிறன்," என்றார். "எல்லாம் உங்கட புகை."

"போயிருச்சாக்கா?"

ஒரு திரைச்சீலையின் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோனார். "போயிட்டுது."

தேநீர் கொண்டுவந்தார். வழக்கமாக அவர் வெளியே வந்து உட்கார்வதில்லை. இன்று வைத்தியலிங்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்தார். காரியங்கள் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. மகன் ஆக்லாந்துக்குத் திரும்பிவிட்டான். அதைச் சொன்னார்.

"நான் ஒண்டு கேக்கவேணும். நீங்கள் ரெண்டு பேரும் இதில இருந்து மூண்டு மணித்தியாலம் என்ன கதைப்பியள்?"

"ஒண்ணும் பேச மாட்டோம்க்கா."

"அதுதான் நானும் நினைச்சன். ஜன்னலால பாத்தா பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ரெண்டு பேர் மாதிரி இருக்கும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். வழக்கத்தைச் சொன்னேன். செய்தித்தாள், மூடி, பென்சில், ஒரு ஞாயிறுக்கு ஒரு பழம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அன்னாசித் தோலுக்கு நாலு மாசமோ?"

"ஆமாக்கா."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை." தேநீர்க் கோப்பையைத் திருப்பினார். "குடிக்கிறியள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

"குடிக்கவும் செஞ்சோம்."

"அது தெரியும்."

கேட்டுவிட்டேன். கடைசியாக வாங்கிய போத்தல் ஒன்று இருக்கும். திறக்காதது.

"பேப்பர் சுத்தினதோ? சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால?"

"அதுதான். செருப்பு அலமாரிக்குப் பின்னாடி."

கோப்பையைக் கீழே வைத்தார். "முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு ஐயர் வாற வீடு. எனக்கு ஒளிச்சு வச்சிருக்கிறார் எண்டு நினைச்சன். புல்லு வெட்ட வாற அர்ச்சுனனிட்டக் குடுத்திட்டன். பெட்டி தனிய இருந்தது, அதையும் சேர்த்து."

"பரவால்லக்கா."

"உங்கட முகம் பரவாயில்லை எண்டு சொல்லேல்லை." எழுந்து உள்ளே போனார். கைப்பேசியோடு வந்தார். எண்ணை அவரே அழுத்தி என்னிடம் நீட்டினார்.

அர்ச்சுனன் உடனே எடுத்தான். பின்னால் யாரோ உடுக்கை அடித்துப் பார்க்கும் சத்தம்.

"அம்மா, சொல்லுங்க."

"நான் காளிதாஸ் பேசறேன். ஞாயித்துக்கிழமை ஐயாகூட உக்காந்திருப்பேனே."

"சிகார் அண்ணனா! சொல்லுங்கண்ணே."

"அம்மா குடுத்த போத்தல் இருக்கா?"

"இருக்குண்ணே. வெல கூடின சாமானாச்சே. நான் குடிச்சா என்ன மரியாதை? முனிக்கு எடுத்து வச்சிருக்கேன். இன்னிக்கித்தான் படையல். கூலாய்ல இருக்கேன்."

"அதத் தொறக்காதீங்க."

"அஞ்சரைக்குப் படைக்கணும்லா. வாங்கண்ணே, சரியான நேரத்துக்குத்தான் கூப்ட்டிருக்கீங்க."

"ஒரே ஒரு வாய் எடுத்து வைக்க முடியுமா?"

"சாமிக்கு முன்னாடியாண்ணே?"

என் அப்பாவும் முனீஸ்வரனுக்குச் சுருட்டும் சாராயமும் வைத்தவர்தான். கேட்டிருக்கக் கூடாது. வருகிறேன் என்றேன்.

அக்கா கேட் வரை வந்தார். "கிடைச்சா என்ன செய்வியள்?"

"பழத்தக் கண்டுபிடிப்பேன்."

"பிறகு?"

"அதுதான்க்கா. பிறகு ஒண்ணுமில்ல."

செனாயைத் தாண்டும்போது மழை பிடித்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. வேலைக்குப் போகிற அதே சாலைதான். ஞாயிற்றுக்கிழமையில் அதில் போனதில்லை. கூலாயில் இறங்கி, அவன் சொன்ன வழியில் ஒரு தொழிற்சாலை வேலியை ஒட்டிப் போனேன். வேலி முடிந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. அங்கே ஒரு தகரக் கூரை. அதன் கீழே மஞ்சள் துணி கட்டிய ஒரு கல், ஒரு சூலம், ஒரு அரிவாள், பத்துப் பன்னிரண்டு பேர்.

ஐந்து நாற்பது.

அர்ச்சுனன் ஈர வேட்டியோடு ஓடிவந்தான். வெறும் போத்தல் அவன் கையிலேயே இருந்தது.

"அலாமாக்! அஞ்சரைன்னு சொன்னேனேண்ணே."

"மழை."

"இங்க எல்லாம் ஒண்ணா ஊத்தற வழக்கம்." ஒரு பெரிய அலுமினியக் குண்டானைக் காட்டினான். ஸ்டவுட் பீர், பிராந்தி, சம்சு என்கிற மலிவுச் சாராயம், இளநீர். அதற்குள் வைத்தியலிங்கத்தின் விஸ்கியும் போயிருந்தது. மேலே ஒரு வேப்பிலை மிதந்தது. "கலந்துதான் எல்லாருக்கும் குடுப்போம்."

குண்டானையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆனா மொத ஊத்து சாமிக்கு," என்றான். கல்லின் முன்னால் ஒரு பித்தளைக் குவளை இருந்தது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. "அதுல வேற ஒண்ணும் கலக்கல. ஐயாவோட சாமான் மட்டும்."

"அது எனக்குக் கிடைக்குமா?"

"சுருட்டு பாதி எரிஞ்சா எடுக்கலாம். அதுக்கு முந்தி அணைஞ்சிருச்சின்னா சாமி வேணாம்னுட்டாருன்னு அர்த்தம். மூணு தடவ பாப்போம். அப்பவும் அணைஞ்சா கீழ ஊத்திருவோம்."

சூலத்தின் அடியில் ஒரு இரும்புக் கவட்டை இருந்தது. சுருட்டை அதில்தான் செருகுவார்கள். அதில் இருந்த சுருட்டு கறுத்துப்போய்க் கிடந்தது.

"எத்தன தடவ அணைஞ்சிருக்கு?"

"ரெண்டு." அவன் சங்கடத்தோடு சிரித்தான். "மழைல கட்டு முழுக்க ஊறிப்போச்சு. இனி வைக்கறது மூணாவது." அவன் கண் என் சட்டைப் பைக்கு வந்தது. "அண்ணே, பைல என்ன அது?"

கையைப் பையின் மேல் வைத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் காலையில் எழுந்து பார்த்த சிகார். அது அந்தக் குவளையில் இருந்த விஸ்கியோடு சேர வந்தது. குவளை அங்கே இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க ஒரு வழிதான் இருந்தது.

எடுத்துக் கொடுக்கப் போனவன் நிறுத்தினேன். "நானே பத்த வைக்கறேன்."

"வாய் வைக்காதீங்கண்ணே. எச்சில் ஆயிரும்."

அதை யோசித்திருக்கவில்லை. சிகாரை வாயில் இழுக்காமல் பற்ற வைப்பது கடினம். நுனியை வெட்டினேன். அடியைக் கற்பூரத் தீக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, மெல்லச் சுற்றினேன். தீ நேராகப் படக் கூடாது. சூடு மட்டும் ஏற வேண்டும்.

"என்னண்ணே, சாமிக்கு சமைக்கிறீங்களா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

"முனி சம்சு குடிக்கிற ஆளு. இன்னிக்கி பட்டம் வாங்கின டத்தோ மாதிரி பெரிய மனுசன் ஆயிட்டாரு," என்றார் ஒரு கிழவர்.

விளிம்பு முழுவதும் சிவந்தது. கவட்டையில் செருகினேன். புகை நேராக எழுந்து, தகரத்தில் முட்டிப் பரவியது. பேச்சு நின்றது. யாரோ மூக்கை உயர்த்தி இழுத்தார்கள். மரமும் கோக்கோவும் கலந்த வாசனை. அந்தக் கூரையின் கீழே அது புதியது.

இரண்டு நிமிடத்தில் சிவப்பு மங்கியது. எனக்குத் தெரியும். சிகார் தானாக எரியாது. யாராவது இழுக்க வேண்டும்.

போத்தலில் சுற்றியிருந்த செய்தித்தாள் பூசைச் சாமான்களோடு கிடந்தது. எடுத்து நாலாக மடித்தேன். கல்லின் அருகே குந்தி உட்கார்ந்து, விசிறத் தொடங்கினேன். பலமாக விசிறினால் சாம்பல் உதிர்ந்து அணையும். மெதுவாக விசிறினால் போதாது. மூச்சு விடும் வேகம்தான் சரியாக இருந்தது.

சிகாரை இப்படி எரிக்கக் கூடாது. ஒரே சூட்டில் எரிந்தால் கசந்துவிடும். ஆனால் அது என் வாய்க்கு இல்லை.

மழை வலுத்தது. சாரல் அடித்தது. முதுகை மழைப் பக்கம் திருப்பி உட்கார்ந்தேன். பின்னால் குண்டானில் இருந்து மொண்டு கொடுத்தார்கள். அர்ச்சுனன் எனக்கும் ஒரு பிளாஸ்டிக் குவளையில் கொண்டுவந்தான்.

"அப்புறம்," என்றேன். வாய் கெட்டுவிடும் என்று சொல்ல முடியவில்லை.

ஒருமுறை பாதிக்கு வரும் முன்பே சிவப்பு காணாமல் போனது. சாம்பல் மட்டும் வெள்ளையாக நின்றது. முகத்தை அருகே கொண்டுபோனேன். ஊதலாமா என்று தெரியவில்லை. ஊதினாலும் எச்சில்தானோ? தாளை இன்னும் சிறிதாக மடித்து, மிக அருகில் வைத்து அசைத்தேன். பத்துத் தடவை. இருபது தடவை. சாம்பலின் அடியில் ஒரு கோடு சிவந்தது.

மழை விட்டதும் ஒவ்வொருவராகப் போனார்கள். மோட்டார் சைக்கிள்கள் சேற்றில் இழுத்துக்கொண்டு கிளம்பின. கடைசியாக நானும் அர்ச்சுனனும் இருந்தோம். கை வலித்தது. ஏழு வருடம் இதே நேரத்தில், எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க, பேசாமல் இருந்திருக்கிறேன். இன்றும் பேசவில்லை. எதிரே கல் இருந்தது.

"போதும்ணே," என்றான் அர்ச்சுனன். "பாதி தாண்டிருச்சு."

குனிந்து குவளையை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் தந்தான். "முனிக்குப் புடிச்சிருச்சு. உங்களுக்குத்தான்."

ஒரு வாய் குடித்தேன். விழுங்கினேன். பொறுத்தேன்.

முதலில் திராட்சை வற்றல். அது பீப்பாயில் இருந்து வருவது, கணக்கில் இல்லை. பிறகு ஆரஞ்சுத் தோல் போல ஒன்று வந்து போனது. அதற்கு அடியில் ஏதோ கனிந்து, கனிவு கொஞ்சம் மிஞ்சிப்போனது. வாழைப்பழமா? வாழைப்பழம் படையல் தட்டிலும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். வாழை இல்லை. நாக்கில் மணல் போலப் பரவும் இனிப்பு. பழுப்பு நிறம்.

அப்போது சிகாரின் புகை திரும்பி என் மேல் வந்தது. மூச்சில் போனது. இனிப்பு உள்ளே இறங்கியது, புகை அதன்மேல் படிந்தது. இரண்டும் சண்டை பிடிக்கவில்லை.

பேசாமல் இருந்தேன். சேர்ந்தால் பேச மாட்டோம்.

"என்னண்ணே, அழறீங்களா?"

"புகை."

"ஆமா, புகைதான்," என்றான் அர்ச்சுனன். வேறு பக்கம் பார்த்தான்.

குவளையில் இருந்ததை வெறும் போத்தலுக்குள் ஊற்றினேன். பாதி கையில் வழிந்தது. அடியில் ஒரு விரல் அளவு நின்றது. ஒரு துகள் சாம்பலும் உள்ளே போயிருந்தது.

"பெட்டி எங்க?"

பெட்டியில் அவன் கற்பூரப் பொட்டலங்களைப் போட்டு வைத்திருந்தான். கொட்டிவிட்டுக் கொடுத்தான். "மூடிக்குள்ள ஐயா என்னவோ எழுதியிருக்காருண்ணே."

"சொல்லாதீங்க."

"நான் படிச்சேன். ஒரு—"

"அர்ச்சுனன்."

"சரி சரி. சொல்லல." சிரித்தான். "ஆனா சிரிப்பா இருந்துச்சு."

பெட்டியை மூடியபடியே பக்கத்து இருக்கையில் வைத்தேன். திறந்து பார்த்துவிடலாம். தடுக்க யாரும் இல்லை. நெடுஞ்சாலையில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அடுத்த வெளிவழியில் இறங்கினால் என் அடுக்குமாடி. யாரும் கேட்காத ஒரு வீட்டில் பழத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, நானே மூடியைத் திறந்து பார்க்கலாம். இறங்கவில்லை. நேராகத் தெப்ராவுக்கு, அக்கா வீட்டுக்கே போனேன்.

வாசல் விளக்கு எரிந்தது. திரைச்சீலைகளை எடுத்திருந்தார். இரண்டு நாற்காலிகளும் பழைய இடத்துக்கு வந்திருந்தன. தவமணிதேவி அக்கா ஒன்றில் உட்கார்ந்திருந்தார். எனக்காகக் காத்திருந்தாரா, சும்மாவா என்று தெரியவில்லை.

பெட்டியை அவரிடம் நீட்டினேன். "நான் ஒரு பழம் சொல்வேன். நீங்க மூடியத் தொறந்து பாத்து, சரியா இல்லையான்னு மட்டும் சொல்லணும்."

"நானோ?"

"நான் பாக்கக் கூடாதுக்கா."

"கண்ணாடி எடுத்துக்கொண்டு வாறன்."

வந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லுங்கோ."

வழி முழுக்க யோசித்ததுதான். ஆனால் சொன்ன பிறகு முடிந்துவிடும்.

"சிக்கு," என்றேன். சப்போட்டாவுக்கு இங்கே அதுதான் பெயர்.

மூடியைத் திறந்து விளக்குப் பக்கம் சாய்த்தார். ஒரு சொல்லைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவர் படித்துக்கொண்டே இருந்தார். பென்சில் எழுத்தின்மேல் விரலை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார், அழிந்துவிடும் என்பதுபோல.

"நிறைய எழுதியிருக்காரா?"

"இல்லை. ஒரு சொல்லுத்தான்." மூடியை மூடினார். "பிழை."

"அப்போ என்ன பழம்?"

கண்ணாடியைக் கழற்றினார். "பிழையெண்டால் அடுத்த மாசம் எண்டுதானே சொன்னியள்?"

"போத்தல்ல ஒரு வாய்தான் இருக்கு."

"ஒரு வாய் காணும், போதும்."

போத்தலை வாங்கி விளக்கில் தூக்கிப் பார்த்தார். சாம்பலைப் பார்த்திருப்பார். பெட்டியைக் கையில் இடுக்கிக்கொண்டு, போத்தலோடு உள்ளே போனார். சப்பாத்து அலுமாரி நகரும் சத்தம் கேட்டது.

கதவருகே திரும்பி வந்து நின்றார்.

"சிகார் கொண்டுவர மறந்திடாதேங்கோ. திரைச்சீலை எல்லாம் தோய்ச்சாச்சு."

"சரிக்கா."

வண்டியில் ஏறினேன். கையில் புகை வாசனை இருந்தது. டப்பாவில் வேறு சிகார் இல்லை. வாங்க வேண்டும். கடுமையானது வேண்டாம். அந்த ஒரு வாயின் ருசியை மூடிவிடும்.